அத்தியாயம் 6: ஓட்டுக் கேட்டு வருபவரிடம் தறிக்காகக் கேட்பது எப்படி?

தேர்தல் வந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வேட்பாளர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். வாசலில் ஆரத்தி எடுப்பார்கள், சால்வை போடுவார்கள். உள்ளே கூட்டிப்போய்த் தறியைக் காட்டுவார்கள். வேட்பாளர் குழித்தறியில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளுவது போலப் படமும் எடுத்துக்கொள்வார். கிளம்பும்போது "நெசவாளர் வாழ்வு மேம்பட நடவடிக்கை எடுப்போம்" என்று சொல்வார். ஐந்து வருடம் கழித்து அதே வாசலில் அதே வாக்கியம் கேட்கும். அந்த வாக்கியத்தின் இடத்தில், நிறைவேறியதா இல்லையா என்று யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு கோரிக்கையை வைப்பதற்கான வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. நெசவாளருக்கும் கூத்துக் கலைஞருக்கும் இது பொருந்தும். நெய்யத் தெரியாவிட்டாலும் காஞ்சியின் கலை நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கும் பொருந்தும்.

இது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு விலையில்லா மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்பது 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. தந்த வாக்குறுதி. மே 23 அன்று முதல்வராகப் பதவியேற்ற ஜெயலலிதா முதலில் கையெழுத்திட்ட உத்தரவுகளில் அதுவும் ஒன்று. 2023 மார்ச்சில், தி.மு.க. ஆட்சியில், அது 300 யூனிட்டாக உயர்ந்தது. ஆட்சி மாறியும் சலுகை வளர்ந்தது. காரணம், அந்தக் கோரிக்கையில் ஓர் எண் இருந்தது, பொறுப்பான துறை எது என்று தெரிந்தது, நிறைவேற்ற ஓர் அரசாணை போதுமானதாக இருந்தது.

இன்னும் பின்னால் போனால் 1953. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அண்ணா பிறந்த ஊரே காஞ்சிபுரம்தான். அதே காலத்தில் முதல்வராக இருந்த ராஜாஜி, வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். எதிரெதிர்த் துருவங்களில் இருந்த இருவரும் தறி விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். ஆலைத் துணி மீது தீர்வை விதித்து அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் அதே 1953இல் நிறைவேற்றியது.

உங்கள் கோரிக்கையும் இப்படி எல்லாக் கட்சிகளின் வாயிலும் வர வேண்டும். ஒரு கட்சியோடு ஒட்டிக்கொண்ட கோரிக்கை அந்தக் கட்சி தோற்கும்போது கூடவே தோற்றுப்போகும்.

யார் கையில் என்ன இருக்கிறது?

மாநகராட்சி உறுப்பினரிடம் ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டால் அவர் தலையாட்டுவார், அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே மனு எழுதும் முன் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

- வார்டு உறுப்பினர், மாநகராட்சி: தெருவிளக்கு, வடிகால், பாவு விரித்து ஓட்டும் தெருவின் நிலை, பொது இடத்தில் கலை நிகழ்ச்சிக்கான மேடை. காஞ்சிபுரம் மாநகராட்சிக்கு 51 வார்டுகள். முதல் மாமன்றத் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது.
- சட்டமன்ற உறுப்பினர், மாநில அரசு: கூட்டுறவுச் சங்கக் கூலி, மின்சாரம், நல வாரியம், விசைத்தறி மீதான அமலாக்கம், கோயில் விழாக் கலைகள், கலை பண்பாட்டுத் துறை.
- நாடாளுமன்ற உறுப்பினர், மத்திய அரசு: கச்சாப் பட்டு இறக்குமதித் தீர்வை, கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், நெசவாளர் சேவை மையம்.
- ஜி.எஸ்.டி.: இதை மத்திய நிதியமைச்சரும் மாநில அமைச்சர்களும் சேர்ந்த மன்றம் முடிவு செய்கிறது. அதனால் எம்.பி.க்கு ஒரு மனு, மாநில நிதியமைச்சருக்கு ஒரு மனு.

கடைசி வரிக்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. துணி மீதான ஜி.எஸ்.டி.யை 2022 ஜனவரி 1 முதல் 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக உயர்த்த அறிவிக்கை வந்தது. நாடெங்கும் நெசவாளர்களும் வணிகர்களும் எதிர்த்தார்கள், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் மன்றத்தில் ஆட்சேபித்தன. அமலுக்கு வர ஒரு நாள் இருக்கும்போது, 31.12.2021 அன்று கூடிய 46ஆவது கூட்டம் உயர்வைத் தள்ளிவைத்தது.

படிப்படியாக

1. பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 இறுதியில் வாக்காளர் பட்டியலில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. முன்பு ஓட்டுப் போட்டோம் என்பதால் இப்போதும் பெயர் இருக்கும் என்று நம்ப வேண்டாம். புதிதாகச் சேர படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. சந்தேகத்துக்கு 1950 என்ற எண். தறியை விட்டுவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போய் அங்கேயே குடியேறிய பிள்ளைகளின் பெயரையும் விசாரியுங்கள்.

2. ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கூலி உயர்வு, வீடு, கடன் தள்ளுபடி, சரிகை விலை, ஓய்வூதியம், பட்டுப் பூங்கா எல்லாம் பதினைந்து அம்சங்களாக ஒரே தாளில் ஏறும். வாங்குகிறவர் அதில் எளிதான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவார். தெருவில் இருபது வீட்டாரை உட்கார வைத்து, "இந்த ஐந்து வருடத்தில் ஒன்றே ஒன்றுதான் நடக்கும் என்றால் எது நடக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பெண்களைத் தனியாகவும் கேளுங்கள். 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். பாவு புணைப்பதும் நூல் சுற்றுவதும் பெரும்பாலும் அவர்கள் வேலை. ஆனால் மனுவில் அவர்கள் பங்கு அபூர்வமாகவே வருகிறது.

3. ஆதாரம் சேருங்கள். இரண்டு காகிதங்கள் போதும். ஒன்று, கைத்தறித் துறையின் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்பது அதில் இருக்கும், இணையத்தில் தமிழிலேயே கிடைக்கும். இன்னொன்று, தகவல் உரிமைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்டு வாங்கும் பதில். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதில் வர வேண்டிய காலம் 30 நாள்.

> குறிப்பு: தகவல் மனுவில் "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை அந்த அலுவலருக்கு இல்லை. "எத்தனை?", "எந்தத் தேதியில்?", "ஆணையின் நகல் தருக" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

4. எழுதுங்கள். ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். எதிரில் இருப்பவர் தம் அதிகாரத்தில் செய்யக்கூடியதைக் கேளுங்கள். முடிவில் "ஆம் / இல்லை" என்று இடம் விடுங்கள்.

பலவீனமான வரி: "விசைத்தறியின் ஆக்கிரமிப்பிலிருந்து கைத்தறியைக் காப்பாற்ற ஆவன செய்ய வேண்டுகிறோம்."

பலமான வரி: "நீங்கள் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டால், காஞ்சிபுரம் மாவட்டத்தில் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி கடந்த மூன்று நிதியாண்டுகளில் நடந்த ஆய்வுகள், பதிவான வழக்குகள், முடிந்த வழக்குகள் ஆகியவற்றின் எண்ணிக்கையை முதல் ஆண்டுக்குள் பேரவையில் கேள்வியாக எழுப்புவீர்களா? ஆம் / இல்லை. கையொப்பம், தேதி."

கேள்வி எழுப்ப அமைச்சராக இருக்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சி உறுப்பினரும் எழுப்பலாம். ஆகவே "நாங்கள் ஆட்சிக்கு வந்தால்தான் முடியும்" என்று யாரும் நழுவ முடியாது.

5. நேரம் பார்த்துக் கொடுங்கள். பிரசாரம் சூடுபிடித்த பிறகு கொடுக்கும் மனு வேனிலேயே தங்கிவிடும். தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே கட்சிகள் தேர்தல் அறிக்கைக் குழு அமைக்கின்றன. அந்தக் குழு மாவட்டங்களுக்கு வந்து மனு வாங்கும்போது கொடுத்துவிடுங்கள். எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே மனு, ஒரே வாசகம். பின்பு வேட்பாளர்கள் பெயர் வெளியானதும் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து "ஆம் / இல்லை" பக்கத்தில் பதில் வாங்குங்கள். பதில் தர மறுத்தவர் பெயருக்கு நேரே "பதில் இல்லை" என்று எழுதுங்கள். அந்தத் தாளை உங்கள் தெருக்காரர்களிடம் காட்டுங்கள். திட்டியோ புகழ்ந்தோ ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம் நின்றுவிடும். அதிகாரிகளுக்கான மனுவை அதற்கு முன்பே கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

6. ஓட்டுப் போடுங்கள், போட வையுங்கள். வாக்குப்பதிவு நாளில் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம். ஆலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். குழித்தறியில் கால்போட்டு முட்டி தேய்ந்த பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இந்த ஐந்து நாளைத் தவறவிடாதீர்கள்.

7. கணக்குக் கேளுங்கள். நம் மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையின் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடத்தில் பெயர் போடத் தகுதி இல்லாதவர்கள். வென்றவருக்கு நூறாவது நாளில் ஒரு கடிதம், பட்ஜெட்டுக்கு ஒரு மாதம் முன்பு ஒரு கடிதம், ஆண்டு முடிவில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஒவ்வொன்றுடனும் அவர் கையெழுத்திட்ட தாளின் நகலை வையுங்கள். ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி நாள். அன்று அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் ஒரே மேடையில் இருப்பார்கள். நேரில் கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது. சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வருவதாக அறிவிப்பு வந்தால் அங்கும் கொடுங்கள்.

கிராமங்களில் இன்னொரு வழியும் உண்டு. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற ஊர்களில் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். ஆண்டில் ஆறு கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை முன்னாலேயே எழுதிக்கொண்டு போங்கள். பேசிவிட்டு வந்துவிடாமல், பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

விசைத்தறிச் சேலை: கொஞ்சம் விரிவாக

காஞ்சியில் எந்த வீட்டில் கேட்டாலும் முதலில் வரும் குறை இது. 1985 சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது. முதலில் 22 வகைகள் இருந்தன, 1996இல் 11 ஆகக் குறைந்தன. விசைத்தறி உரிமையாளர்கள் சட்டத்தை எதிர்த்துப் போனபோது உச்ச நீதிமன்றம் 1993இல் சட்டம் செல்லும் என்றது. அந்த 11இல் சேலையும் உண்டு; எந்தெந்த விதமான சேலை என்பதை அறிவிக்கை விவரிக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் பேசப் போங்கள். 'விசைத்தறியில் எந்தச் சேலையும் நெய்யக் கூடாது' என்று சொல்லிவிட்டால் அதிகாரி ஒரே வாக்கியத்தில் உங்களை அனுப்பிவிடுவார். 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு வேறு சட்டம், வேறு அலுவலகம். இரண்டையும் ஒரே மனுவில் குழப்ப வேண்டாம்.

வேட்பாளருக்கும் அதிகாரிக்கும் வித்தியாசத்தைக் கண்ணால் காட்டுங்கள். ஒரு கோர்வைச் சேலையை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். உடலும் கரையும் சேருமிடத்தில் விரலை ஓட்டினால், இரண்டு நிற ஊடை இழைகளும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கும் தடிப்பு தட்டுப்படும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒவ்வோர் இழையாகக் கோத்ததால் வருவது அது. பக்கத்திலேயே ஒரு விசைத்தறிச் சேலையை விரியுங்கள். கரையின் நிறம் மாறியிருக்கும், ஊடை மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழையாக ஓடும். இந்த இரண்டு சேலைகளும் பத்துப் பக்க மனுவைவிட அதிகம் பேசும்.

அடுத்தது புகார். கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். சேலை வாங்கிய ரசீது, கடையில் கைத்தறி என்று சொல்லி விற்ற விளம்பரம் இருந்தால் அதன் நகல், இரண்டையும் இணையுங்கள். விசைத்தறிக் கூடத்துக்குள் நீங்களே புகுந்து படம் எடுக்கப் போகாதீர்கள். அது அத்துமீறல் வழக்காகத் திரும்பும். ஆய்வு செய்யும் அதிகாரம் அமலாக்கப் பிரிவுக்குத்தான் உண்டு. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். விசைத்தறியில் நிற்கும் கூலித் தொழிலாளி பல சமயம் நேற்றுவரை கைத்தறியில் இருந்தவர். நம் கோரிக்கை அமலாக்கம் பற்றியது. அவர் குடும்பத்தைப் பகையாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

கூத்துக் கலைஞர்களுக்கு

1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், கலைஞர்கள் தனித்தனியாகப் போய் நிற்பதைவிட அமைப்பாகப் பேசினால் அலுவலகங்களில் காது கிடைக்கும் என்பதற்கு நல்ல முன்மாதிரி. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது. முதல் வேலையாக அதில் பதிவு செய்யுங்கள். பதிவேட்டில் இல்லாத கலைஞர் அரசின் கணக்கில் இல்லை.

விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி பெரிய தலைவலி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. இது மத்திய அரசின் விதி. "விடியும்வரை அனுமதி தாருங்கள்" என்று காவல் நிலையத்தில் கெஞ்சிப் பயனில்லை, அவர்களால் தர முடியாது. மாநில அரசிடம் கேட்க வேண்டியது, அந்த 15 நாள்களில் திரௌபதி அம்மன் கோயில் விழா நாள்களையும் சேர்க்க வேண்டும் என்பது. விதியையே திருத்த வேண்டுமென்றால் அந்த மனு எம்.பி.க்கு. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்; 2010இல் செய்த திருத்தத்தின்படி இரவில் திறந்தவெளியில் இசைக்கருவி வாசிப்பதற்கும் இந்தத் தடை பொருந்தும்.

இன்னொரு ஓட்டு

கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்குச் சங்கத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. கூலி, நூல் வழங்கல், தேங்கிய சேலை இருப்பு எல்லாம் அந்த நிர்வாகக் குழுவைத் தொடுபவை. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் சங்கம் இருக்கும் காலங்கள் உண்டு, அப்போது "தேர்தல் எப்போது?" என்பதே உங்கள் கோரிக்கையாக இருக்கட்டும்.

பாதுகாப்பு: இவற்றில் விளையாட வேண்டாம்

- பணம், பொருள்: ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். மனு கொடுக்கப் போன இடத்தில் கவர் நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். வாங்கியவரால் பின்பு கணக்குக் கேட்க முடியாது.
- வழியில் சோதனை: தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தைக் கணக்கில்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். கட்டுக்கட்டாகச் சேலை கொண்டுபோனாலும் வாக்காளருக்குப் பரிசா என்று சந்தேகப்படுவார்கள். கூலிப் பணம் எடுத்துவருபவர் வங்கிச் சீட்டையும், சேலை கொண்டுபோகிறவர் ரசீதையும் சங்கத்தின் கடிதத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.
- கோயில்: மண்டபத்தில் வேட்பாளர் சந்திப்பு வைக்காதீர்கள். வழிபாட்டிடத்தை அரசியலுக்குப் பயன்படுத்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. சமுதாயக் கூடத்தில், அனுமதி வாங்கி நடத்துங்கள்.
- கடைசி 48 மணி நேரம்: வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பாட்டுக் கச்சேரி, நாடகம், கூத்து வழியாகத் தேர்தல் விஷயத்தைப் பரப்புவது தண்டனைக்குரியது. இது நேரடியாகக் கலைஞர்கள் மீது பாயும் விதி. அந்த நாள்களில் கூத்து இருந்தால் கட்டியங்காரன் தேர்தல் பேச்சை எடுக்கவே கூடாது என்று வாத்தியார் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.
- வாக்குச்சாவடி: உள்ளே கைப்பேசி வேண்டாம், படம் எடுக்க வேண்டாம்.
- கையெழுத்து வேட்டை: வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்காதீர்கள், போடாதீர்கள். மனுவுக்குப் பெயரும் முகவரியும் போதும். ஆதார் நகல் கேட்பவரைத் திருப்பி அனுப்புங்கள்.

நாட்டில் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20இல் 35.22 லட்சம். அடுத்த கணக்கெடுப்புவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே வாக்காளர் பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயர்களைப் பாருங்கள், தெருவில் இருபது பேரைக் கூட்டுங்கள், அந்த ஒரு கோரிக்கையை எழுதத் தொடங்குங்கள்.